எந்தப் பானைக்கு ஒரு சோறு?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் விடிகாலையில் போய் நின்றால் மல்லிகை வாசனைக்கு முன்னால் ஏலக் குரல் வந்து சேரும். கடைக்குக் கடை எலெக்ட்ரானிக் தராசு. ஈரத்துணியில் பூவைப் பொதிந்து கொண்டுவந்திருந்த ஒரு ஆச்சி, தன் முறை வந்ததும் பூவைத் தட்டில் கொட்டவில்லை. பையைத் துழாவி ஒரு அரைக் கிலோ படிக்கல்லை எடுத்தார்.

“அண்ணாச்சி, மொதல்ல இத ஒருக்க வச்சிப் பாத்துக்கிடுதேன்.”

“தாராளமா வையும் ஆச்சி” என்றார் கடைக்காரர். பழகிப்போன விஷயம்போல. சிவப்பு எழுத்தில் 0.500 விழுந்தது. கல் பைக்குத் திரும்பியது, பூ தட்டுக்கு வந்தது.

அந்தத் தராசுக்குள் ஒரு உலோகத் துண்டு பாரத்துக்கு ஏற்ப மயிரிழை வளைகிறது. வளையும்போது அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழையின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தை ஒரு சில்லு எண்ணாக்கிக் காட்டுகிறது. சில்லுக்குள் எழுதியிருக்கும் நிரல் ஒழுங்கானதா என்று ஆச்சிக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. தராசு பொய் சொன்னால் கல் காட்டிக்கொடுத்துவிடும்.

கணினியில் வாக்கு எண்ணுவதைப் பற்றி உலகமெங்கும் நாற்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டையின் சாரம் அந்த அரைக் கிலோ கல்லில் இருக்கிறது. அமெரிக்கக் கணினி அறிஞர்களான ரொனால்ட் ரிவெஸ்ட்டும் ஜான் வாக்கும் 2006 இல் இதற்கு ஒரு பெயரும் இலக்கணமும் கொடுத்தார்கள். பெயர், மென்பொருள் சாராமை. மென்பொருளில் யாருக்கும் தெரியாமல் ஒரு பிழையோ மாற்றமோ நுழைந்தாலும், அதனால் தேர்தல் முடிவில் வரும் மாற்றம் கண்டுபிடிக்க முடியாததாக இருந்துவிடக் கூடாது என்பதே இலக்கணம். இந்த ரிவெஸ்ட், இணையத்தில் பணம் அனுப்பும்போது காவல் நிற்கும் ஆர்எஸ்ஏ பூட்டை உருவாக்கிய மூவரில் ஒருவர். பூட்டு செய்கிறவரே ‘பூட்டை நம்பாதே, சரிபார்க்க வழி வை’ என்கிறார். 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சொன்னது. எண்ணிக்கையின் முக்கியக் கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடியவேண்டும். 2005 தேர்தலில் வைத்த வாக்குக் கணினிகளில் அதற்கு வழியில்லை. ஆகவே அவற்றைப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது. ஆச்சியின் கட்சிதான்.

நம் ஊர் இயந்திரத்துக்கு வருவோம். அதை வடிவமைத்த இரண்டு அரசு நிறுவனங்களில் ஒன்று பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ், மற்றொன்று ஐதராபாத் இசிஐஎல். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அந்தப் பணியில் முக்கியப் பங்காற்றியவர் எழுத்தாளர் சுஜாதா என்பதால், தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெட்டியோடு ஒருவகை உறவுமுறையே உண்டு. முதன்முதலில் இது வைக்கப்பட்டது கேரளத்தின் பரவூர் தொகுதியில், 1982 மே 19 அன்று, ஐம்பது சாவடிகளில். சிவன் பிள்ளை 123 வாக்கில் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று 1984 இல் தீர்ப்பு வந்தது. அந்த ஐம்பது சாவடிகளிலும் காகிதச் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்து ஜோஸ் வென்றார். பிறகு 1989 இல் சட்டத்தைத் திருத்தி, 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது.

வாக்குச் சாவடியில் மறைப்புக்குள் நாம் பொத்தானை அழுத்தும் பெட்டி வெறும் பொத்தான் பலகை. எண்ணிக்கையை வைத்திருப்பது தலைமை அலுவலர் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி. எண்ணிக்கை நாளில் பெட்டியிலிருந்து எடுத்து மேசைக்கு வருவது அது ஒன்றுதான். ஒரு அறையில் வழக்கமாகப் பதினான்கு மேசைகள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முகவர்கள், கையில் பால்பாயிண்ட் பேனாவும் கட்டம் போட்ட தாளும். கருவியின் வரிசை எண்ணைப் பார்ப்பார்கள், முத்திரையைப் பார்ப்பார்கள், வாக்குப்பதிவு அன்று தங்கள் ஆள் போட்ட கையெழுத்து பச்சைத் தாள் முத்திரையில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். அலுவலர் முத்திரையைக் கிழித்து ரிசல்ட் பொத்தானை அழுத்துவார். ‘பீப்’ என்று ஒரு சத்தம், மொத்த வாக்கு. இன்னொரு ‘பீப்’, முதல் வேட்பாளர். இன்னொன்று, இரண்டாமவர். வலைக்குப் பின்னால் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் குனிந்து எழுதும். காகிதக் காலத்தில் இரவு பகலாக நடந்த வேலை ஒரு மேசைக்கு சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

அந்த நிமிடங்களில் கண்ணால் பார்த்தது எதை? ஒரு சின்னத் திரை காட்டிய எண்களை. 2010 இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ரோப் கொங்க்ரைப் ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு தங்கள் கைக்குக் கிடைத்த ஓர் இந்திய இயந்திரத்தில் இந்தத் திரையையும் குறிவைத்தது. அவர்கள் செய்து காட்டிய அந்த வழியில் உள்ளே பதிந்த வாக்கைத் தொடவே இல்லை. திரை இருக்கும் பலகையைக் கழற்றிவிட்டு, அச்சு அசலாக அதேபோல ஒன்றை வைத்தார்கள். அதற்குள் ஒரு நுண்கட்டுப்படுத்தியும் புளூடூத்தும். கைப்பேசியிலிருந்து கட்டளை போனால் திரை தனக்குச் சொன்ன எண்ணைக் காட்டும். அந்த இயந்திரம் திருடப்பட்டது என்று ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள். இயந்திரங்கள் முத்திரைக்குள்ளும் காவலுக்குள்ளும் இருக்கும்போது பலகையை மாற்ற யாருக்கு வாய்ப்பு என்று தேர்தல் ஆணையம் கேட்டது. நியாயமான கேள்வி. பின்னால் வந்த எம்3 வகைக் கருவிகள் திறந்தாலே செயலிழக்கும்படி செய்யப்பட்டுள்ளன. ஆனாலும் அந்த ஆய்வின் மையக் குறிப்பு அப்படியே நிற்கிறது: அன்றைய இயந்திரத்தில் திரை சொன்னதை ஒத்துப்பார்க்க வேறு எதுவும் இல்லை. ஆச்சியின் பையில் கல் இல்லை.

திருட்டு, சதி என்றே பேசிக்கொண்டிருந்தால் வேறொரு பக்கம் மறைந்துபோகும். யாரும் எதுவும் செய்யாமலே கணினி தவறும். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் 2003 மே 18 அன்று கணினியில் வாக்கு எண்ணினார்கள். ஒரு சிறு கட்சி வேட்பாளருக்கு வந்த வாக்கு, அந்த முறையில் அவருக்கு வரக்கூடிய உச்ச அளவையே தாண்டியிருந்தது. வாக்குகள் பதிந்திருந்த காந்த அட்டைகளை மறுபடி படிக்க வைத்தார்கள். முதல் கணக்குக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் சரியாக 4,096.

4,096 என்ற எண்ணைப் பார்த்ததும் கணினி தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏன் என்று நம் பழைய முகத்தலளவையை வைத்தே சொல்லலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. ஒவ்வொன்றும் முன்னதன் இரட்டிப்பு. கணினி எண்களை வைத்திருப்பது இப்படித்தான்: 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் பாத்திரங்களின் வரிசை. ஒவ்வொரு பாத்திரமும் ஒன்று நிறைந்திருக்கும், அல்லது காலியாக இருக்கும். பதின்மூன்றாவது பாத்திரத்தின் கொள்ளளவு 4,096. யாரோ வாக்கைத் திருடியிருந்தால் வித்தியாசம் 3,870 என்றோ 4,211 என்றோ வந்திருக்கும். சரியாக 4,096 வந்தால், காலியாக இருந்த அந்த ஒரு பாத்திரம் தானாக நிறைந்துகொண்டது என்று பொருள். நிரலில் பிழை எதுவும் அகப்படவில்லை. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களின் தாக்கத்தில் பிறந்த ஒரு துகள் நினைவகச் சில்லில் பட்டு அந்த இடத்தைப் புரட்டிப்போட்டிருக்கலாம் என்பதே கடைசியில் சொல்லப்பட்ட விளக்கம். எந்த நட்சத்திரத்தின் சிதறலோ, ஸ்கார்பேக்கில் வாக்குப் போட்டுவிட்டது.

இதை நான் மிகவும் ரசித்துப் படித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனிக்க வேண்டியது, பிழை பிடிபட்ட விதம். எண் அபத்தமாக இருந்ததால் பிடிபட்டது. நாலாயிரத்துக்குப் பதில் 64 கூடியிருந்தால்? யாரும் புருவம்கூட உயர்த்தியிருக்க மாட்டார்கள்.

நம் முறையில் அந்த 64 ஐப் பிடிக்க ஒரு வலை இருக்கிறது: படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று தலைமை அலுவலர் அதில் எழுதிக் கையெழுத்திட்டு, முகவர்களுக்கும் பிரதி கொடுக்க வேண்டும். எண்ணிக்கை மேசையில் கருவி காட்டும் மொத்தம் இதோடு ஒத்துப்போக வேண்டும். காலை மாதிரி வாக்குப்பதிவுக்குக் குறைந்தது ஐம்பது வாக்குகள் போட்டுப் பார்த்துவிட்டு, கிளியர் பொத்தானை அழுத்த மறந்துவிடும் அலுவலர்கள் உண்டு. நாலரை மணிக்கு எழுந்து, முகவர்களுக்கிடையே பஞ்சாயத்து செய்து, ஏழு மணிக்குள் சாவடியைத் திறக்க வேண்டிய பதற்றத்தில் மறக்கத்தான் செய்யும். அந்தத் தவறு 17சி யில் உடனே தெரிந்துவிடும். ஆந்திரத்தின் மைதுக்கூர் தொகுதியில் 2019 இல் ஒரு சாவடியில் இயந்திரக் கணக்கும், பின்னால் சொல்லப்போகும் காகிதச் சீட்டுக் கணக்கும் முரண்பட்டதற்குக் காரணம் இந்த மறதிதான்.

கூடுதலாக நுழைந்த வாக்கை 17சி பிடிக்கும். ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குத் தாவிய வாக்கை அது பிடிக்காது, மொத்தம் மாறாதே! அரியானாவின் பானிபட் மாவட்டம் புவானா லக்கு கிராமத்தில் 2022 நவம்பரில் ஊராட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு சாவடியில் இரண்டு வேட்பாளர்களின் எண்கள் இடம் மாறிப் பதிவாகிவிட்டன. இயந்திரம் சரியாகத்தான் எண்ணியிருந்தது. அதைத் தாளில் எழுதிய கை மாற்றி எழுதிவிட்டது. கிட்டத்தட்ட மூன்று ஆண்டு வழக்காடி, கடைசியில் 2025 ஆகஸ்டில் இயந்திரங்களை உச்ச நீதிமன்ற வளாகத்துக்கே வரவழைத்து எண்ணினார்கள். 1,051 க்கு 1,000. தோற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர்தான் வென்றவர்.

மாற்றி எழுதியதை இயந்திரம் காட்டிக்கொடுத்தது. இயந்திரமே மாற்றினால்? அதற்குத்தான் காகிதச் சீட்டு. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபேட் முதலில் வந்தது. அடுத்த மாதமே, காகிதத் தடம் தவிர்க்க முடியாத தேவை என்று சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசை எண், பெயர், சின்னத்தோடு ஒரு சீட்டு ஏழு நொடி தெரிந்து, அறுந்து பெட்டிக்குள் விழுகிறதே, அதுதான் படிக்கல். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் முரண்பட்டால் சீட்டே செல்லும் என்பது விதி. இந்த ஒரு விதியால் நம் முறை ரிவெஸ்ட் சொன்ன இலக்கணத்துக்கு மிகப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

ஆனால் கல்லைப் பையில் வைத்திருந்தால் போதாது, தட்டில் வைக்க வேண்டும். முதலில் தொகுதிக்கு ஒரு சாவடியின் சீட்டுகளை மட்டும் எண்ணினார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடி என்று உயர்த்தியது. எந்த ஐந்து என்பதைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். அஞ்சலட்டை அளவு வெள்ளை அட்டைகளில் சாவடி எண்ணை எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டு, எல்லார் கண் முன்னும் எடுப்பார்கள். பிறகு வங்கிக் காசாளர் கூண்டு போன்ற வலையடைப்புக்குள் உட்கார்ந்து, வேட்பாளருக்கு ஒரு அறை வீதம் பிரித்த பெட்டியில் சீட்டுகளைப் போட்டு, கட்டுக் கட்டாக எண்ணுவார்கள். எனக்குப் பிடித்த காட்சி இது. அத்தனை மின்னணுவியலும் கடைசியில் பஞ்சாயத்துத் தேர்தல் குலுக்கலிடம் வந்து நிற்கிறது.

ஐந்து போதுமா என்பதுதான் கேள்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். புள்ளியியலின் அடிப்படை இந்தப் பழமொழியில் இருக்கிறது. நன்றாகக் கிளறிய பானையில் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் பந்தியில் இருநூறு பானை வெந்துகொண்டிருக்க, ஒரு பானைச் சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டு எல்லாம் வெந்தது என்று எந்தத் தவசிப்பிள்ளையும் சொல்ல மாட்டார். எது பானை?

2019 வழக்கின்போது, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அடங்கிய நிபுணர் குழுவின் அறிக்கையை ஆணையம் காட்டியது. நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்களைச் சோதித்தாலே போதும் என்றது அறிக்கை. கணக்கில் தவறில்லை. நாட்டிலுள்ள இயந்திரங்களில் நூற்றுக்கு இரண்டு பழுதானவையாக இருந்தால்கூட, 479 ஐ எடுத்ததில் ஒன்றுமே சிக்காமல் போக வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்தக் கணக்கில் இந்தியா முழுக்க ஒரே பானை. தேர்தல் முடிவோ தொகுதிதோறும் தனித்தனியாக அறிவிக்கப்படுகிறது. சங்கரன்கோவிலில் குளறுபடி இருந்தால் கான்பூர் இயந்திரம் அதைச் சொல்லாது.

எங்கள் ஊரையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக 300 சாவடி என்று கொள்வோம். ஒரு சாவடியில் 200 வாக்குக்கு மேல் இடம் மாறினால் ஊர்க்காரர்களே ‘இது எங்க ஊர்க் கணக்கு இல்லையே’ என்று சொல்லிவிடுவார்கள் என்றும் கொள்வோம். ஒரு வாக்கு இடம் மாறினால் வித்தியாசம் இரண்டு குறையும்.

2012 மார்ச்சில், அமைச்சர் கருப்பசாமி மறைந்ததால் சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல். அன்று நாங்கள் நெல்லை மாவட்டம். தெருவுக்குத் தெரு அமைச்சர்கள் நின்ற தேர்தல் அது. முத்துச்செல்வி 68,757 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த முடிவைக் கோளாறோ குளறுபடியோ தலைகீழாக்கியிருக்க வேண்டுமென்றால் குறைந்தது 172 இயந்திரங்கள் கெட்டிருக்க வேண்டும். முந்நூறில் 172 கெட்டிருந்தால், ஐந்தை எடுத்துப் பார்ப்பதில் ஒன்றாவது சிக்குவதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் வாய்ப்பு. நூற்றுக்கு 95 உறுதிக்கு நாலு பார்த்தாலே போதும். (அந்த ஆண்டு விவிபேட் கிடையாது, எண்ணை மட்டும் கடன் வாங்குகிறேன்.)

2021 இல் அதே தொகுதியில் ராஜா, அமைச்சராக இருந்த ராஜலட்சுமியை 5,297 வாக்கில் வென்றார். இந்த முடிவைப் புரட்ட 14 இயந்திரங்கள் போதும். ஐந்தைச் சோதித்தால் அந்தப் பதினான்கில் ஒன்று சிக்க வாய்ப்பு நூற்றுக்கு 21 தான். நூற்றுக்கு 95 உறுதி வேண்டுமென்றால் 57 சாவடிகளின் சீட்டை எண்ண வேண்டும்.

அதே 2021 இல், பக்கத்தில் தென்காசித் தொகுதியில் காங்கிரஸின் பழனி நாடார் வென்றது வெறும் 370 வாக்கில். 186 வாக்கு இடம் மாறினால் முடிந்தது. அதற்கு ஒரே ஒரு இயந்திரம் போதும். முந்நூறில் அந்த ஒன்று நம் ஐந்துக்குள் வர வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 95 உறுதிக்கு 285 சாவடி எண்ண வேண்டும். அதாவது எல்லாவற்றையும் எண்ணிவிடுவதே மேல்.

நாலு, ஐம்பத்தேழு, இருநூற்று எண்பத்தைந்து. ஒரே கேள்விக்கு மூன்று விடை. எத்தனை சோறு பார்க்க வேண்டும் என்பதை வெற்றி வித்தியாசம்தான் முடிவு செய்ய வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் பிலிப் ஸ்டார்க் இதை ஒரு முறையாக வகுத்தார். கொலராடோ மாநிலம் 2017 இல் மாநிலம் முழுமைக்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வித்தியாசம் பெரிதென்றால் கொஞ்சம் சீட்டு எண்ணிவிட்டு வீட்டுக்குப் போகலாம். குறையக் குறைய எண்ணிக்கை கூடும். சந்தேகம் தீராவிட்டால் முழுவதும் எண்ணுவார்கள். எந்தச் சீட்டை எடுப்பது என்பதற்கு அங்கே பத்துமுகப் பகடைகளைப் பொதுமக்கள் முன்னால் உருட்டுகிறார்கள். நம் அஞ்சலட்டைக் குலுக்கலுக்குச் சித்தப்பா மகன்.

நம் நாட்டில் விவாதம் ‘ஐந்தா, நூறு சதவீதமா’ என்ற இரண்டு முனையிலேயே சிக்கிக்கொண்டது. 2024 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபங்கர் தத்தா அமர்வு எல்லாச் சீட்டையும் எண்ணும் கோரிக்கையை நிராகரித்தது. மாற்றாக, இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் கட்டணம் கட்டிக் கேட்டால், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சதவீத இயந்திரங்களின் எரித்துப் பதிந்த நினைவகத்தைப் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்றது. நிரல் பழுதா என்று பார்க்க அது உதவும். ஆனால் பொறியாளரையே மறுபடி நம்பச் சொல்கிறது. ஆச்சிக்குத் தராசைக் கழற்றிக் காட்டுவதுபோல. ஐந்துக்கும் நூறுக்கும் நடுவே வித்தியாசத்தைப் பார்த்து நகரும் வழி ஒன்று இருப்பது நம் பேச்சில் போதிய அளவு வரவில்லை என்பது என் வருத்தம். நேரமாகும் என்கிறார்கள். 2024 இல் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்துவிட்டு ஜூன் 4 வரை 46 நாள் இயந்திரங்களைக் காவல் காத்தது. நாற்பத்தேழாவது நாளை எண்ணுவதற்குக் கொடுத்தால் குடி முழுகிப்போகாது.

கணினி உண்மையிலேயே கூட்டல் போடும் இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. சாவடிக் கணக்குகள் சுற்றுவாரியாகத் தாளில் ஏறி, ஆணையத்தின் என்கோர் மென்பொருள் வழியாக நம் கைப்பேசிக்கு வருகின்றன. டீக்கடையில் நாம் முன்னிலை, பின்னடைவு என்று கத்துவது அந்த எண்களைப் பார்த்து. நெதர்லாந்தில் 2017 தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, சாவடிக் கணக்கைக் கூட்டும் மென்பொருள் பாதுகாப்பற்றது என்று தெரிந்ததும், கூட்டலையும் கையாலேயே போடுங்கள் என்று அமைச்சர் பிளாஸ்டெர்க் அறிவித்தார். நமக்கு அத்தனை அச்சம் தேவையில்லை. சாவடிக் கணக்கு ஒவ்வொன்றும் கையெழுத்தான தாளில் முகவர்களின் கண் முன்னே பிறக்கிறது, யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். அந்தத் தாள் கையில் இருந்தால்.

வெனிசுவேலாவில் 2024 ஜூலை 28 இரவு, தேர்தல் மன்றம் சாவடிவாரிக் கணக்கைத் தராமலே மதுரோ வென்றார் என்றது. எதிர்க்கட்சியின் முகவர்களோ சாவடிதோறும் இயந்திரம் அச்சிட்ட கணக்குத் தாளை வாங்கி, மடித்துச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். எண்பது சதவீதத்துக்கு மேற்பட்ட தாள்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். உலகமே கூட்டிப் பார்த்தது. அப்போது ஆட்சி மாறவில்லை, அது வேறு கதை. ஆனால் எண் என்ன என்பதில் மறைக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. நம்மூரில் சாவடிவாரி முடிவு படிவம் 20 ஆக வெளியிடப்படுகிறது, பெரும்பாலும் ஸ்கேன் செய்த படமாக. அதிலிருந்து எண்களைப் பிரித்தெடுத்துக் கூட்ட முயன்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு உண்டு. மூன்றா எட்டா என்று தெரியாத இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்தேன். கணினி தந்த எண்ணைத் தாளில் அச்சிட்டு, தாளைப் படமாக்கி, கணினி படிக்க முடியாதபடி வெளியிடுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

தென்காசியின் 370 க்குத் திரும்புகிறேன். தோற்ற அதிமுக வேட்பாளர் செல்வமோகன்தாஸ் பாண்டியன் வழக்குப் போட்டார். சண்டை இயந்திரத்தைப் பற்றியதல்ல, தபால் வாக்கைப் பற்றியது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2023 ஜூலையில் தபால் வாக்குகளைத் தென்காசியில் மறுபடி எண்ணினார்கள். பழனி நாடாரே வென்றார் என்று மறுபடி ஆயிற்று. இரண்டு ஆண்டு கழித்தும் எண்ண முடிந்ததற்குக் காரணம், அவை காகிதம்.

அதற்கு முன்னால் ராதாபுரம். 2016 இல் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 வாக்கில் வென்றார். 203 தபால் வாக்குகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். உறுதிமொழியில் கையெழுத்திட்ட பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பது வழக்கு. உண்டு என்றது உயர் நீதிமன்றம். தபால் வாக்குகளையும் 19, 20, 21 ஆம் சுற்றுகளின் இயந்திரங்களையும் மறுபடி எண்ணச் சொன்னது. சுற்று இயந்திரங்களை மறுபடி எண்ணுவது என்றால் அதே ரிசல்ட் பொத்தானை மறுபடி அழுத்துவது. அதே திரை, அதே ‘பீப்’. தபால் வாக்குகளை மட்டும் உறையைத் திறந்து, விரித்து, கண்ணால் பார்த்து எண்ணினார்கள். 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே வேலை ஒரே நாளில் முடிந்தது.

முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எண்ணிய தாள் உறைக்குள் போயிற்று. 2021 இல் சட்டமன்றத்தின் ஐந்து ஆண்டும் முடிந்து அடுத்த தேர்தல் வந்தது. அப்பாவு மறுபடி நின்றார், வென்றார், சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தார். உறை அப்போதும் திறக்கப்படவில்லை.